எக்செல்லில் தெரிவது ஒன்று, கடையில் ஏறுவது ஒன்று

பில் போடும் மென்பொருளில் சரக்குப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறதே, அதை எக்செல்லில் இறக்கி அப்படியே இணையக் கடையில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்லாத ஆளில்லை. தளம் கட்டிக் கொடுப்பவரும் அதைத்தான் சொல்வார்: "நீங்க எக்செல் மட்டும் குடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்." அந்த "எக்செல் மட்டும்" என்பதற்குள்தான் முக்கால்வாசி வேலையும் ஒளிந்திருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பாரம்பரிய அரிசி, மரச்செக்கு எண்ணெய், பொடி வகைகள், ஊறுகாய் விற்கும் ஒரு மளிகைக் கடையின் பட்டியலை, வேர்ட்பிரஸ் தளத்தில் இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸில் ஏற்றியபோது பட்டதை வைத்து இதை எழுதுகிறேன். முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு சீசன் விளம்பரக் காசும், வாடிக்கையாளர்களிடம் பட்ட வெட்கமும் மிச்சமாகியிருக்கும்.

முதலில் காசு போன கதை. ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் டின்னின் விலை 1,450 ரூபாய். தளத்தில் அது ஒரு ரூபாய்க்கு விற்பனைக்கு வந்துவிட்டது. ஸ்டாக்கோ 450 டின் என்று காட்டியது. ஆர்டர்கள் வந்து விழுந்த வேகத்தைப் பார்த்து முதலில் சந்தோஷம்தான், தொகையைப் பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. முதலில் வாங்கிய சிலருக்குச் சொன்ன சொல்லுக்காக அனுப்பிவைத்ததில் டின்னுக்கு 1,449 ரூபாய் நஷ்டம். மற்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. "ஏமாத்தறதுக்குன்னே போட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்வது டின்னை இழப்பதைவிடக் கஷ்டம்.

காரணம் ஒரே ஒரு கமா. சிஎஸ்வி என்பது கட்டங்களைக் கமாவால் பிரித்து எழுதும் வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு கட்டத்துக்குள்ளேயே கமா இருந்தால் அந்தக் கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கடையின் பில்லிங் மென்பொருள் மேற்கோள் போடாமல் 1,450.00 என்று எழுதிக் கொடுத்தது. அதைப் படித்த இணையக் கடை இரண்டு கட்டமாக எடுத்துக்கொண்டது: விலை 1, அடுத்த நெடுவரிசையான ஸ்டாக் 450. ஆயிரத்துக்குக் கீழே விலையுள்ள அத்தனை பொருளும் ஒழுங்காக ஏறியிருந்ததால் மேலோட்டமாகப் பார்த்த யார் கண்ணிலும் இது படவில்லை. ஆகவே பில்லிங் மென்பொருளில் இருந்து இறக்கும்போது நேரடி எக்செல் கோப்பாகத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். சிஎஸ்வி மட்டும்தான் தரும் என்றால், கமாவுக்குப் பதில் டேப் பிரிப்பானைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் கோப்பை நோட்பேடில் திறந்து, அதிக விலையுள்ள நாலைந்து வரிகளைக் கண்ணால் படித்துவிட்டு மேலே போங்கள். எக்செல்லில் திறந்து பார்ப்பது இதற்கு உதவாது. எக்செல் தானாகச் சில திருத்தங்களைச் செய்துகொண்டுதான் காட்டும்.

அடுத்தது தமிழ்ப் பெயர்கள். பழைய கடை மென்பொருள்களில் தமிழ் இருந்தால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியாக்கத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பெயர்கள் உண்மையில் ஆங்கில விசை எழுத்துகள்தான். அவற்றுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மஞ்சள் என்று தெரிவது, இணையத்தில் போனதும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். இதில் இன்னொரு கண்ணி உண்டு. பாமினியில் இகரம் உட்கார்ந்திருப்பது கமா விசையில். மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில். ஆக இட்லிப் பொடி, இஞ்சி ஊறுகாய், இடியாப்ப மாவு மூன்றின் பெயரும் கோப்புக்குள் ஒரு கமாவோடு தொடங்குகின்றன. மேற்கோள் போடாத சிஎஸ்வியில் இந்த வரிகள் மட்டும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி நிற்கும். பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், விலை இருக்கவேண்டிய இடத்தில் வேறெதுவோ இருக்கும். "ஏன் இட்லிப் பொடி மட்டும்?" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் சிக்கல் இது. அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தால் நிலைமை இன்னும் மோசம், ஏறக்குறைய எல்லாத் தமிழ்ப் பெயரும் சிதறும்.

யுனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் முழுக் கோப்பையும் அதில் கொட்டாதீர்கள். பெயர் நெடுவரிசையை மட்டும் தனியே நகலெடுத்து மாற்றுங்கள். ஒரே கட்டத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்து இருந்தால், கருவிக்கு எது எதுவென்று தெரியாது. ஆங்கில பிராண்டு பெயரையும் சேர்த்துத் தமிழ்க் குப்பையாக்கித் தந்துவிடும். அந்த மாதிரிக் கட்டங்களை முதலிலேயே இரண்டு நெடுவரிசையாகப் பிரித்துவிடுவது நல்லது. மாற்றிய பிறகு கணினியை நம்பாமல் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கால் போடவேண்டிய இடத்தில் ரகரம் போட்டுத் தட்டச்சு செய்த பழக்கம் பழைய பட்டியல்களில் சகஜம். அச்சில் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், தேடினால் கிடைக்காது.

யுனிகோடிலேயே இருக்கும் பட்டியலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "கொ" என்ற எழுத்தை ககரமும் ஒரே குறியாக ஒகரக் குறியும் சேர்த்து எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. எக்செல்லில் நீளம் பார்க்கும் லென் ஃபார்முலாவைப் போட்டால் ஒன்றுக்கு 2, மற்றதற்கு 3 என்று வரும். கொத்தமல்லி, கொள்ளு, சோளம், கோதுமை என்று மளிகையில் இந்த எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. பட்டியலை இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் அடித்திருந்தால் இந்த வேறுபாடு கட்டாயம் இருக்கும். வாட்ஸப்பில் இருந்தும் வலைத்தளங்களில் இருந்தும் நகலெடுத்த பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும், சாதாரண இடைவெளி மாதிரியே இருக்கும் உடையாத இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும். ட்ரிம் ஃபார்முலா இந்த உடையாத இடைவெளியை நீக்காது. சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில் 160-ஆம் எழுத்தை எடுத்து வெற்று இடைவெளியாக்கிவிட்டு அதன்பின் ட்ரிம் போடவேண்டும்.

ஏற்றும் கோப்பின் நெடுவரிசைத் தலைப்புகளை நீங்களாக உருவாக்க வேண்டியதில்லை. இணையக் கடையின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் ஒரு சாதாரணப் பொருளையும், எடை வாரியாகப் பிரியும் ஒரு பொருளையும் கையாலேயே முழுமையாக உருவாக்குங்கள். படம், வரி வகை, எடை, வகைப்பாடு எதையும் விடாமல் போடுங்கள். பிறகு அந்த இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்தால் வரும் கோப்புதான் உங்கள் அச்சு. எந்தக் கட்டத்தில் எந்த வடிவில் மதிப்பு இருக்கவேண்டும் என்று கடையே சொல்லித் தந்துவிடுகிறது. கையேட்டைப் படிப்பதைவிட இது விரைவு, பதிப்பு மாறினாலும் தப்பாகாது.

இனி எக்செல்லின் "உதவி". தட்டச்சு செய்ததை எக்செல் தானாக ஊகித்து மாற்றுவது இணையக் கடைப் பட்டியலுக்குப் பரம எதிரி. மரச்செக்கு எண்ணெய்க்கு எம்ஏஆர்-1, எம்ஏஆர்-5 என்று ஆங்கிலத்தில் எஸ்கேயு (ஒவ்வொரு பொருளுக்குமான தனி அடையாளக் குறி) வைப்பது யாருக்கும் இயல்பாகத் தோன்றும். எக்செல்லுக்கு அது மார்ச் 1, மார்ச் 5. அப்படி மாறிய பிறகு கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் பழையது திரும்பாது, ஐந்து இலக்க எண் ஒன்றுதான் கிடைக்கும். அரைக் கிலோ என்று 1/2 போட்டால் அது பிப்ரவரி 1. இது நமக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல. மார்ச், செப் என்று தொடங்கும் மனித மரபணுக்களின் பெயர்களையே, எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதால் 2020-இல் மாற்றிவிட்டார்கள். 12 இலக்கமும் அதற்கு மேலும் உள்ள எண்களை எக்செல் அறிவியல் குறியீட்டில் சுருக்கிக் காட்டும். 890 என்று தொடங்கும் 13 இலக்கப் பார்கோடும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம எண்ணும் இதில் சிக்கும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கட்டத்தில் தெரிவதுதான் கோப்புக்குப் போகும், அதனால் எண்ணின் பின்பாதி நிரந்தரமாகப் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகும். முன்னால் பூஜ்ஜியம் உள்ளவை அதை இழக்கும்: தேயிலையின் எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான சரக்குக் குறியீடு) 0902, மிளகு 0904, மஞ்சள் 0910. இவை 902, 904, 910 என்று நிற்கும். மளிகைக்காரருக்கு இதைவிடத் தொல்லை வேறு வேண்டாம்.

இதற்கு மருந்து, கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல் இருப்பது. வெற்று எக்செல்லைத் திறந்து, டேட்டா பட்டியலில் உள்ள டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக உள்ளே இழுங்கள். குறியாக்கத்தில் 65001 யுடிஎஃப்-8 (யுனிகோடு எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் முறை), தரவு வகையை ஊகிக்க வேண்டாம் என்ற தேர்வு, இரண்டையும் வையுங்கள். 2023-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் ஆப்ஷன்ஸ், டேட்டா பகுதியில் தானியங்கி மாற்றங்களை அணைக்கவே வழி இருக்கிறது. கூகுள் ஷீட்ஸ் என்றால் இறக்குமதிப் பெட்டியில் உள்ள "எண், தேதி, ஃபார்முலாவாக மாற்று" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். லிப்ரே ஆஃபிஸ் கால்க் திறக்கும்போதே ஒவ்வொரு நெடுவரிசையையும் டெக்ஸ்டா என்று கேட்கும். என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு எக்செல்லைவிட அதுதான் நிம்மதி.

எஸ்கேயு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, நடுவில் சிறு கோடு, எண் இவை போதும். பூஜ்ஜியத்தில் தொடங்கக்கூடாது, மாதப் பெயரின் மூன்றெழுத்து வரக்கூடாது, சாய்கோடு கூடாது, இரண்டு எண்களுக்கு நடுவில் ஆங்கில ஈ எழுத்து கூடவே கூடாது, 12-க்கும் 4-க்கும் நடுவில் அது வந்தால் எக்செல்லுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். கவுன்ட்இஃப் ஃபார்முலாவைப் போட்டு ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் வருகிறதா என்று பாருங்கள். இரண்டாம் முறை வரும் எஸ்கேயுவை வூகாமர்ஸ் ஏற்காது, அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். முடிந்தால் பில்லிங் மென்பொருளின் பொருள் எண்ணையே எஸ்கேயுவுக்குள் வையுங்கள். பின்னால் விலையும் ஸ்டாக்கும் புதுப்பிக்க அந்த ஒரு பாலம்தான் இருக்கும்.

ஒரே பொருள் 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று பிரியும் இடத்தில்தான் அதிக நேரம் போனது. பில்லிங் மென்பொருளுக்கு இவை மூன்று தனிப் பொருள்கள். கடைக்கு ஒரு தாய் வரியும் மூன்று பிள்ளை வரிகளும். தாய் வரியில் வகை "வேரியபிள்", விலை காலி, பண்பின் பெயர் "எடை", மதிப்பில் மூன்றையும் கமா போட்டு வரிசையாக எழுதவேண்டும். பிள்ளை வரிகளில் வகை "வேரியேஷன்", பேரன்ட் நெடுவரிசையில் தாயின் எஸ்கேயு, மதிப்பில் அதற்கு உரிய ஒன்று மட்டும், கூடவே விலை. தாயில் "250 கிராம்" என்று இடைவெளியோடு எழுதிப் பிள்ளையில் "250கிராம்" என்று ஒட்டி எழுதினால் இரண்டும் சேராது. வாடிக்கையாளர் எடையைத் தேர்ந்தெடுத்தால் விலை வராது, அல்லது கிடைக்கவில்லை என்று காட்டும். பட்டியலில் அத்தனை பொருளுக்கும் எடைச் சொற்களை ஓரிடத்தில் எழுதிவைத்து, எக்செல்லின் டேட்டா வேலிடேஷன் மூலம் கீழிறங்கும் பட்டியலாக வைத்துவிட்டால் கையால் அடிக்கும் வேலையே இல்லை. மதிப்புக்குள் கமா வரவே கூடாது: "1,000 மில்லி" என்று எழுதினால் "1" ஒரு தேர்வு, "000 மில்லி" இன்னொரு தேர்வு. பண்பு "குளோபல்" என்ற நெடுவரிசையில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே மாதிரி 1 போடுங்கள். அப்போதுதான் எல்லாப் பொருளுக்கும் பொதுவாக எடைவாரி வடிகட்டி வேலை செய்யும். தாய் வரி எப்போதும் பிள்ளைகளுக்கு மேலே இருக்கட்டும். கோப்பைத் துண்டாக வெட்டும்போது ஒரு குடும்பத்தை இரண்டு துண்டில் பிரிக்காதீர்கள்.

ஜிஎஸ்டி வரியிலும் பிள்ளைகள் தாயைப் போல இருக்கவேண்டும் என்பதில்லை. அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 விழுக்காடு ஜிஎஸ்டி. அதற்கு மேலே போனால் கிடையாது; அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை பெருகியதன் காரணம் இதுதான். ஆக ஒரே மாப்பிள்ளைச் சம்பாவுக்கு 5 கிலோ பை ஒரு வரி வகையிலும் 26 கிலோ மூட்டை இன்னொரு வரி வகையிலும் இருக்கவேண்டும். பிள்ளை வரியின் ஜிஎஸ்டி வகைக் கட்டத்தில் எக்ஸ்போர்ட் கோப்பு "பேரன்ட்" என்று போட்டுவைத்திருக்கும், அதை அப்படியே கீழே இழுத்துவிட்டால் மூட்டைக்கும் வரி விழும். வரி வகைகளைக் கடையின் அமைப்பில் முதலில் உருவாக்கிவிட்டு அதே பெயரைக் கோப்பில் எழுதுங்கள். விலைகள் வரி உட்பட உள்ளிடப்படுகின்றன என்ற அமைப்பையும் ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். நம் ஊரில் பாக்கெட்டில் அச்சாகும் எம்ஆர்பி எல்லா வரியும் உட்பட்டது. அந்த அமைப்பை மாற்றாமல் ஏற்றினால் எம்ஆர்பிக்கு மேலே வரி சேர்த்துக் கேட்கும், அது சட்டப்படியே தப்பு.

விலைக் கட்டத்தில் ரூபாய்க் குறி வேண்டாம், "ரூ" வேண்டாம், கமா வேண்டாம், கடைசியில் "/-" வேண்டாம். வெறும் 1450. கடையின் தசமப் பிரிப்பான் அமைப்பு ஏதோ ஐரோப்பியப் பாணியில் கமாவாக இருந்தால் 1,450 என்பது ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. ரெகுலர் விலையில் எம்ஆர்பி, சேல் விலையில் நீங்கள் விற்கும் விலை. இரண்டும் ஒன்றென்றால் சேல் விலையைக் காலியாக விடுங்கள். கொள்முதல் விலை நெடுவரிசையை ஏற்றும் கோப்பில் வைத்திருக்கவே கூடாது. ஏற்றும்போது அது தவறான கட்டத்தோடு இணைந்துவிட்டால் ஊருக்கே லாபக் கணக்குத் தெரிந்துவிடும்.

எடை நெடுவரிசையின் அலகு கடையின் அமைப்பைப் பொறுத்தது. கிலோ என்று இருக்கும் இடத்தில் 250 என்று போட்டால், கால் கிலோ மிளகாய்த்தூளுக்கு 250 கிலோவுக்கான கூரியர் கட்டணத்தைக் கடை கேட்கும். வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொல்லமாட்டார், கார்ட்டை மூடிவிட்டுப் போய்விடுவார். விளம்பரத்துக்குக் காசு போய்க்கொண்டே இருக்கும், ஆர்டர் மட்டும் வராது. எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கும் வரை எரிச்சல்தான். இன்னொன்று, கடையில் விற்பது நிகர எடை, கூரியர்காரர் பார்ப்பது மொத்த எடை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம், ஐந்து லிட்டர் சுமார் 4.55 கிலோ, அதன்மேல் டின், அட்டைப்பெட்டி, குமிழ்த்தாள். ஊறுகாயில் கண்ணாடி ஜாடியின் எடை ஊறுகாயை நெருங்கிவிடும். ஒவ்வொரு பாக்கெட் அளவுக்கும் ஒன்றைக் கட்டித் தராசில் வைத்து எழுதுங்கள். அப்பளம், பொரி மாதிரி இலேசான பெரிய பெட்டிகளுக்கு நீளம், அகலம், உயரத்தையும் நிரப்புங்கள். சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடைக்குத்தான் பல கூரியர்கள் காசு கேட்கும்.

படங்களுக்கு கூகுள் டிரைவ் பகிர்வு இணைப்பு செல்லாது. அது படம் உள்ள பக்கத்தின் முகவரி, படக் கோப்பின் முகவரி அல்ல. படங்களைக் கடையின் மீடியா லைப்ரரியில் முதலில் ஏற்றி, அங்கே கிடைக்கும் முழு முகவரியைக் கோப்பில் போடுவதுதான் தொந்தரவில்லாத வழி. ஏற்றும் முன்பே கோப்புப் பெயரை எஸ்கேயுவாக மாற்றிவிடுங்கள். வாட்ஸப் கொடுக்கும் நீளப் பெயர்களில் இடைவெளியும் அடைப்புக்குறியும் இருக்கும், வேர்ட்பிரஸ் அவற்றை மாற்றிவிடும், கோப்பில் எழுதிய முகவரி பொருந்தாமல் போகும். 2560 பிக்சலுக்கு மேல் உள்ள படத்தை வேர்ட்பிரஸ் சுருக்கி, பெயரில் "ஸ்கேல்ட்" என்று ஒட்டும். 1200-க்கு 1200 என்று நீங்களே சுருக்கிவிட்டால் வேகமும் கிடைக்கும், இந்தக் குழப்பமும் இல்லை. பெயரின் கடைசியில் பெரிய எழுத்து ஜேபிஜியும் சிறிய எழுத்து ஜேபிஜியும் பெரும்பாலான சர்வர்களுக்கு வேறு வேறு கோப்பு. விண்டோஸ் அந்தப் பகுதியை மறைத்தே வைத்திருப்பதால் கண்ணில் படாது, அதைக் காட்டும்படி மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வகைப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "மளிகை > அரிசி > சிவப்பரிசி" என்று அம்புக்குறி போட்டு எழுதினால் கிளைகளாகப் பிரியும். மசாலா, மஸாலா, மசாலாப் பொருட்கள் என்று மூன்று விதமாக எழுதினால் மூன்று வகை உருவாகும். இதற்கும் கீழிறங்கும் பட்டியல்தான் வழி. விளக்கத்தை வேர்டில் இருந்து நகலெடுக்காதீர்கள், கூடவே நூறு அலங்காரக் குறிகள் வரும்.

சேமிக்கும் முறை முக்கியம். எக்செல்லில் சேமிக்கும்போது வரும் கோப்பு வகைப் பட்டியலில் "சிஎஸ்வி கமா டிலிமிட்டட்" என்று ஒன்றும் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று ஒன்றும் இருக்கும். முதலாவதில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாக மாறும், அந்தக் கோப்பில் இருந்து அவற்றை மீட்கவே முடியாது. அதனால் மூலப் பட்டியல் எப்போதும் எக்செல் கோப்பாகவே இருக்கட்டும். சிஎஸ்வி என்பது அதில் இருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்கும் நகல் மட்டுமே, அதைத் திறந்து திருத்திச் சேமிக்கக்கூடாது. எடுத்த நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள்: தமிழ் தமிழாக இருக்கிறதா, பார்கோடு முழுதாக இருக்கிறதா, எம்ஏஆர் என்ற எஸ்கேயு தேதியாகிவிட்டதா. கடை படிக்கப்போவது நோட்பேடில் தெரியும் அந்த எழுத்துகளைத்தான். எக்செல்லின் அழகான கட்டங்களை அது பார்ப்பதே இல்லை.

ஏற்றும் முன் தளத்தை ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, ஏழெட்டு வரியுள்ள சோதனைக் கோப்பை முதலில் ஏற்றுங்கள். எளிதான வரிகளைத் தேர்ந்தெடுத்துப் பயனில்லை. ஆயிரத்துக்கு மேல் விலையுள்ள ஒன்று, இகரத்தில் தொடங்கும் பெயர் ஒன்று, எடை பிரியும் குடும்பம் ஒன்று, விளக்கத்தில் கமாவும் மேற்கோளும் உள்ள ஒன்று, பூஜ்ஜியத்தில் தொடங்கும் எச்எஸ்என் ஒன்று, மிக நீளமான தமிழ்ப் பெயர் ஒன்று. பப்ளிஷ்டு நெடுவரிசையில் 1 என்றால் வெளியீடு, 0 என்றால் பிரைவேட், -1 என்றால் டிராஃப்ட். 0 போட்டு ஏற்றினால் உள்ளே நுழைந்த உங்களுக்கு மட்டும் பொருள் பக்கம் முழுதாகத் தெரியும், வெளியார் வாங்கிவிட முடியாது.

பொருள் பக்கத்தின் இணைய முகவரிக்கும் இங்கேயே ஒரு வேலை உண்டு. பெயர் தமிழில் மட்டும் இருந்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழில் அமைக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் அதற்குள் ஒன்பது எழுத்தாக விரியும், மொத்தம் 200 எழுத்துதான் இடம். இருபத்திரண்டு குறிகளோடு முகவரி துண்டிக்கப்படும், வாட்ஸப்பில் பகிர்ந்தால் விழுக்காட்டுக் குறிகளின் ஊர்வலமாகத் தெரியும். முதல் ஏற்றத்தில் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்து 0 நிலையில் ஏற்றிவிடுங்கள், முகவரி சின்னதாக அமைந்துவிடும். பிறகு எஸ்கேயு, தமிழ்ப் பெயர் என்ற இரண்டே நெடுவரிசையுள்ள கோப்பை, "இருக்கும் பொருள்களைப் புதுப்பி" என்ற டிக்கோடு ஏற்றுங்கள். பெயர் மாறும், முகவரி அப்படியே நிற்கும்.

அந்த டிக் இல்லாமல் ஏற்றினால் ஏற்கெனவே உள்ள எஸ்கேயுக்களை விட்டுவிட்டு புதியவற்றை மட்டும் சேர்க்கும். டிக்கோடு ஏற்றினால் பழையவற்றை மட்டும் தொடும், புதியவற்றைத் தாண்டிவிடும். புதுப்பிக்கும் கோப்பில் தேவையான நெடுவரிசை மட்டும்தான் இருக்கவேண்டும். மாற்றவேண்டாம் என்று நினைத்துக் காலியாக விட்ட கட்டம், ஏற்கெனவே இருந்த விவரத்தை அழித்துவிடலாம். ஷாப்பிஃபை என்ற இன்னொரு இணையக் கடைச் சேவையிலும் இதே கதைதான், அங்கே பொருளை இணைப்பது எஸ்கேயு அல்ல, ஹேண்டில் என்ற நெடுவரிசை. ஒரு குடும்பத்தின் எல்லா வரியிலும் ஒரே ஹேண்டில் இருக்கவேண்டும்.

சாதாரண ஹோஸ்டிங்கில் படங்களோடு ஏற்றும்போது நடுவில் நின்றுபோவது வாடிக்கை. நூறு வரித் துண்டுகளாக வெட்டி ஏற்றினால் எந்தத் துண்டில் நின்றது என்று தெரியும். முடிந்ததும் எத்தனை சேர்ந்தன, எத்தனை தாண்டப்பட்டன என்று ஒரு கணக்கு காட்டும். அதை மூடிவிடாமல் தாண்டப்பட்டவற்றின் காரணத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேடினாலும் கிடைக்காது.

ஸ்டாக்கை மட்டும் இந்தக் கோப்புகள் எதிலும் சேர்க்காமல் கடைசிக்கு வையுங்கள். பட்டியலைத் தயார் செய்யும் நாட்களில் கடையில் விற்பனை நடந்துகொண்டேதான் இருக்கும், பழைய ஸ்டாக்கை ஏற்றினால் இல்லாத சரக்குக்கு ஆர்டர் வரும். இரவு கடை சாத்திய பிறகு பில்லிங் மென்பொருளில் இருந்து எஸ்கேயு, ஸ்டாக் இரண்டை மட்டும் எடுங்கள். கொள்முதல் பில் ஏற்றாமலே விற்ற பொருள்களுக்கு மைனஸில் எண் இருக்கும். அவற்றை அலமாரியில் போய் எண்ணித் திருத்துங்கள். கல்லாவிலும் அதே சரக்கு விற்பதால், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்றைக் குறைத்துப் போட்டு ஏற்றிவிட்டு, அதன்பிறகு பப்ளிஷ்டு நெடுவரிசையை 1 ஆக்கிய கோப்பை ஏற்றுங்கள். விளம்பரத்தை அதற்கும் அடுத்த நாள் தொடங்கலாம், அதுவரை வீட்டில் நாலு பேரை விட்டு ஆளுக்கொரு பொருள் வாங்கச் சொல்லிப் பாருங்கள்.